ஒரே நாளில் மூன்று தீவு போகலாமா? (ஹவுராக்கி வளைகுடா, சின்னப் பாய்ப்படகு, குடும்பம்)

வாசகர் கேள்வி, 14 டிசம்பர் 2023

ஆக்லாந்துக்கு வந்து நாலு வருடம். போன மாதம் நண்பர் ஒருவரோடு பங்குக்கு 24 அடிப் பாய்ப்படகு வாங்கினோம். பயிற்சி எடுத்துவிட்டேன், வானொலிச் சான்றிதழும் இருக்கிறது. விடுமுறையில் ஹாஃப் மூன் பேயிலிருந்து புறப்பட்டு பிரவுன்ஸ் தீவு, மோட்டுயிஹே, ரங்கிடோட்டோ மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறேன். மனைவி, 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமி (68 வயது) வருவார்கள். முடியுமா?

14 டிசம்பர், இரவு

கணக்குப்படி முடியும். ஆனால் செய்யாதீர்கள்.

ஹாஃப் மூன் பேயிலிருந்து தாமாக்கி ஆற்றின் வாய்வரை 2 கடல் மைல். அங்கிருந்து மோட்டுயிஹே 3. மோட்டுயிஹேயிலிருந்து ரங்கிடோட்டோவின் பின்பக்கம் இருக்கிற இஸ்லிங்டன் பேக்கு இரண்டரை. திரும்பி வர ஐந்தரை. பிரவுன்ஸ் தீவு வழியிலேயே கிடக்கிறது. மொத்தம் பதின்மூன்று, பதினான்கு கடல் மைல். உங்கள் படகு மணிக்கு 4 மைல் ஓடினால் மூன்றரை மணி நேரம். கடதாசியில் பார்த்தால் மீதி நாள் முழுக்க விளையாட்டுத்தான்.

படகு ஓடும் நேரம் இதில் சின்னக் கணக்கு. நங்கூரம் போடும் இடம் தேடுவது, போட்டபின் அது பிடித்ததா என்று பதினைந்து நிமிடம் பார்ப்பது, ரப்பர் வள்ளத்தில் இரண்டு தடவையாக ஐந்து பேரைக் கரைக்குக் கொண்டுபோவது, தொப்பியை மறந்த பிள்ளைக்காகத் திரும்பி வருவது, பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு தீவில் இறங்கி ஏற ஒன்றரை மணி நேரம் தனியாகப் போகும். மூன்று தீவென்றால் நாலரை மணி.

இரண்டு இடத்தில் நங்கூரம் போடுங்கள். ஒன்றில் மட்டும் இறங்குங்கள். மற்ற இடத்தில் படகிலேயே சாப்பிடுங்கள், குளியுங்கள், தூங்குங்கள். இதை நான் ஒரு கெட்ட நாளிலிருந்து கற்றுக்கொண்டேன். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

15 டிசம்பர்

2022 ஜனவரி. நான், மனைவி, அப்போது 8 வயது மகள், 5 வயது மகன். அம்மா வரவில்லை, அது எங்கள் நல்ல காலம். நீங்கள் கேட்ட அதே மூன்று தீவுதான் திட்டம்.

காலையில் தென்மேற்குக் காற்று, மிதமாக. இங்கே அதிகம் வீசுவதே தென்மேற்குத்தான். தாமாக்கியிலிருந்து மோட்டுயிஹே வடக்கும் வடகிழக்குமாக இருக்கிறது. அதனால் காற்று முதுகுக்குப் பின்னால். படகு சரியவே இல்லை, தண்ணீர் தெறிக்கவில்லை, மகன் சட்டை கூடப் போடவில்லை. ஆறு இவ்வளவு சுலபமா என்று மனைவி சிரித்தார். பிரவுன்ஸ் தீவை ஒட்டிப் போய், கரையோரம் கிடக்கும் பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்களின் எலும்புகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மோட்டுயிஹேயில் இறங்கினோம். பிறகு இஸ்லிங்டன் பே. அங்கே இருந்து புறப்படும்போது மாலை நாலரை.

அதன் பிறகுதான் காற்றின் மற்ற முகம் தெரிந்தது. பின்காற்றில் போகும்போது படகின் வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிந்துவிடும், அதனால் காற்று குறைவாகத் தெரியும். எதிர்த்து வரும்போது அதுவே கூடிவிடும். காலையில் மென்காற்று என்று நாங்கள் நினைத்தது மென்காற்றே அல்ல. மாலையில் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதோடு ஆற்றின் வாயில் பெருக்கு, அதாவது ஏறும் கடல்நீர், உள்ளே போகிறது, காற்று வெளியே தள்ளுகிறது. இரண்டும் மோதுகிற இடத்தில் அலை உயரமாக இருக்காது, ஆனால் குட்டை குட்டையாகச் செங்குத்தாக நிற்கும். படகு ஒவ்வொன்றிலும் விழுந்து எழும். மகன் மூன்று முறை சத்தி எடுத்தான். மகள் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பாயை இறக்கி மோட்டரைப் போட்டு வந்து சேர இரவு எட்டரை. மகள் அதற்குப் பிறகு ஐந்து மாதம் படகுப் பக்கம் வரவில்லை.

ஆகவே எனக்கு ஒரே ஒரு விதி. போகும்போது கஷ்டம், வரும்போது சுகம். காலையில் எல்லோருக்கும் தெம்பு இருக்கும், எதிர்காற்றைத் தாங்குவார்கள். மாலையில் அந்த ஆட்களே வேறு ஆட்கள். கோடையில் நிலைமை அமைதியாக இருக்கும் நாள்களில் மதியத்துக்கு மேல் வடகிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். அந்த நாள்தான் உங்கள் நாள். அது உங்களைத் தாமாக்கிக்குள் தள்ளிக்கொண்டே வரும்.

15 டிசம்பர், பிறகு

மேலே "ஆறு இவ்வளவு சுலபமா" என்று எழுதிவிட்டேன். அவர் கேட்டது "கடல் இவ்வளவு சுலபமா" என்று. இப்போது இதைப் படித்துவிட்டு அவரே திருத்தச் சொன்னார்.

16 டிசம்பர்

பைகளைப் பற்றி. இது சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ரங்கிடோட்டோவும் அதை ஒட்டியிருக்கும் மோட்டுடாபுவும் 2011 முதல் எலி, ஸ்டோட் என்ற கீரி மாதிரி விலங்கு, பூனை எதுவும் இல்லாத தீவுகள். மோட்டுயிஹேயில் 2009-இல் கிவிப் பறவைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஒரு எலி உங்கள் பையில் போனால் போதும். வீட்டில் புறப்படும் முன்பே ஒவ்வொரு பையையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். சப்பாத்தின் அடியில் மண், விதை இருக்கக்கூடாது. சாப்பாடு எல்லாம் மூடி போட்ட டப்பாவில். நாய் கூடாது. எங்கள் வீட்டில் இந்த வேலை மகனுக்கு. அம்மாவின் முறுக்கு டப்பாவுக்குள் கூட விளக்குப் பிடித்து எறும்பு தேடுவான். அம்மாவும் பொறுமையாகத் திறந்து காட்டுவார்.

17 டிசம்பர்

நங்கூரம் எவ்வளவு கயிறு விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆழத்தோடு படகின் அணியம் (முன்முனை) தண்ணீருக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதையும் கூட்டி, ஐந்தால் பெருக்குங்கள். 3 மீட்டர் ஆழம், அணியம் 1 மீட்டர் என்றால் 20 மீட்டர். கயிறு நீளமாக இருந்தால்தான் இழுப்பு படுக்கையாக வரும், நங்கூரம் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். கயிறு குட்டையானால் இழுப்பு மேல்நோக்கி வந்து அதைப் பிடுங்கிவிடும்.

வல்வெட்டித்துறையில் அப்பப்பா கயிற்றைப் பாகத்தில்தான் எண்ணுவார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவருடைய கை அளவு சரியாக ஆறடி. என் மகள் இப்போது அப்படித்தான் எண்ணுகிறாள், ஆனால் அவளுடைய பாகம் ஐந்தடிகூட வராது. அதனால் அளந்து நூல் கட்டி வைத்திருக்கிறோம்.

18 டிசம்பர்

சாப்பாடு. புட்டு வேண்டாம், காற்றில் பறக்கும். சொதி வேண்டவே வேண்டாம். ரோல்ஸ், கட்லெட், மீன் பணிஸ், இவைதான் படகுக்குப் பிறந்த சாப்பாடு. ஒரு கையால் பிடித்துச் சாப்பிடலாம், மற்றக் கை எதையாவது பிடித்திருக்க வேண்டும். புறப்படும் முன் வெறும் வயிறு வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். இஞ்சித் தேநீர் ஒரு பிளாஸ்க். மயக்கம் வருகிற ஆளை உள்ளே படுக்க விடாதீர்கள். வெளியே உட்கார வைத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் சுக்கானைக் கையில் கொடுங்கள். என் மகனுக்கு அன்று சத்தி நின்றதே சுக்கானைப் பிடித்த பிறகுதான்.

ரங்கிடோட்டோவில் ஓடையோ ஊற்றோ கிடையாது, மழை எரிமலைக் கல்லுக்குள் இறங்கிவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

27 டிசம்பர்

நேற்று, நத்தாருக்கு மறுநாள், இஸ்லிங்டன் பே மட்டும் போய் வந்தோம். அம்மாவும் வந்தார். ஒரே ஒரு இடம். நான் சொன்ன இரண்டு கூட இல்லை.

போஹுடுகாவா மரங்கள் கரை முழுக்கச் சிவந்து கிடந்தன. ரங்கிடோட்டோவில் இருக்கும் அளவுக்குப் பெரிய போஹுடுகாவாக் காடு வேறெங்கும் இல்லை. மண்ணே இல்லாத கருங்கல் வெடிப்புக்குள் வேர் விட்டு நிற்கின்றன. அந்த மலை கடலுக்குள் இருந்து எழும்பி 600 வருடம்தான் ஆகிறது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிற மோட்டுடாபுவோ கோடிக்கணக்கான வருடப் பழசு. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தப் பொட்டில்தான் நாங்கள் கட்டிக் கிடந்தோம். ஒரு பக்கம் கறுப்புக் கல்லும் காடும், மறுபக்கம் பச்சைப் புல்லும் மேயும் மாடும். அங்கே இருந்து பார்த்தால் இரண்டு நாட்டின் எல்லையில் கிடக்கிற மாதிரி இருக்கும்.

மோட்டுடாபுவில் அந்த எரிமலைச் சாம்பலுக்குள் மனிதர்களின் காலடியும் நாய்களின் காலடியும் பதிந்து கிடைத்திருக்கின்றன. மலை வெடித்தபோது அங்கே மாவோரி மக்கள் குடியிருந்தார்கள். "சாம்பல் விழுந்த பிறகும் ஏன் திரும்பி வந்தவை?" என்று மகள் கேட்டாள். "வீடு பார்க்க வந்திருப்பினம் பிள்ளை" என்றார் அம்மா. அவர் எங்கள் வீட்டை 1995-இல் விட்டுவிட்டு வந்து, 2010-இல்தான் திரும்பப் போய்ப் பார்த்தார். அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் பேசவில்லை.

இந்தக் குடாவுக்கு முன்பு குடிகாரர் குடா என்று பெயர். ஆக்லாந்திலிருந்து புறப்படும் கப்பல்கள், மாலுமிகளுக்கு வெறி தெளியும்வரை இங்கே நங்கூரம் போட்டு நிற்குமாம். அம்மாவுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இடத்தின் குணம் அதில் இருக்கிறது. தெற்கும் தென்கிழக்கும் தவிர எந்தக் காற்றும் உள்ளே வராது, அடியில் சேறு, நங்கூரம் நன்றாகப் பிடிக்கும்.

28 டிசம்பர்

காற்றின் பெயர் பற்றி நேற்றிரவு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். படகில் இருக்கும்போது தென்மேற்கு லேசாக வீசியது. "இது சோழகம் எல்லே, ஏன் இப்பிடிக் குளிருது?" என்றார். திசை சரி. வடமராட்சியில் சோழகம் என்றால் வைகாசியிலிருந்து புழுதியும் சூடுமாக வீசும் காற்று, தெற்கே நிலத்தைக் கடந்து வருவது. இங்கே அதே திசையில் வருவது தென்துருவக் கடலைத் தொட்டுக்கொண்டு வரும் காற்று. வாடை என்றால் நமக்குக் குளிர், இங்கே வடக்கிலிருந்து வருவதுதான் வெப்பமும் ஈரமும். பெயரை வைத்துக்கொள்ளலாம், பெயரோடு ஒட்டியிருக்கும் குணத்தைக் கழற்றிவிட வேண்டும்.

31 டிசம்பர்

மட்டக்களப்பு வாசகர் எழுதியது சரி. அங்கே அந்தச் சூட்டுக் காற்றைக் கச்சான் என்பார்கள். நான் வடமராட்சிப் பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் கச்சான் என்றால் நேர் மேற்கு.

7 ஜனவரி 2024

17 டிசம்பரில் நங்கூரக் கயிறு பற்றி எழுதியதை அப்படியே எடுக்காதீர்கள். அதில் பெரிய ஒன்றை விட்டுவிட்டேன். நேற்று அது எனக்கே நடந்தது.

மோட்டுயிஹே ஒரு விசித்திரமான தீவு. ஓர் இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தின் இரண்டு பக்கமும் மணற்கரை, நடுவே ஐந்து நிமிட நடை. தென்மேற்கு வீசினால் வடகிழக்குக் கரையில் கட்டலாம். கடற்காற்று எழும்பியதும் சுற்றி வந்து மேற்குக் கரையில் கட்டலாம். நேற்றுக் கடற்காற்றை எதிர்பார்த்து, காலை பத்தரைக்கே மேற்குக் கரையில் நங்கூரம் போட்டோம். 3 மீட்டர் ஆழம். 20 மீட்டர் கயிறு. நான் இங்கே எழுதிய கணக்கேதான்.

அப்போது ஏறக்குறைய முழு வற்று, கடல் இறங்கி நிற்கும் நேரம். அது என் மனதில் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் 2 மீட்டர் ஏறியிருந்தது. 3 என்று நினைத்த ஆழம் 5. அணியத்தோடு 6. எனக்கு 30 மீட்டர் கயிறு வேண்டும், வெளியே இருந்தது 20. எதிர்பார்த்த கடற்காற்று வரவில்லை, மேற்கிலிருந்து ஒரு மேகக் கூட்டம் வந்தது. பத்து நிமிடம் பலமாக அடித்தது. நாங்கள் கரையில் மணலில் இருந்தோம். படகு தானாகவே மெதுவாகக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தது மகள்.

நான் வள்ளத்தில் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்வதற்குள், பக்கத்துப் படகில் இருந்த ஒரு வயதான தம்பதியினர் தங்கள் வள்ளத்தில் வந்து எங்கள் படகில் ஏறி இன்னும் கயிறு விட்டுவிட்டார்கள். படகு நின்றது. சேதம் இல்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "போட்டபோது தண்ணீர் எந்த நிலை?"

ஆகவே திருத்தம். இப்போதைய ஆழம் அல்ல, நீங்கள் அங்கே இருக்கப்போகும் நேரத்தில் வரப்போகும் மிகக் கூடிய ஆழம். அதோடு அணியத்தின் உயரம். அதை ஐந்தால் பெருக்குங்கள். பாக்கு நீரிணையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. அப்பப்பா அதைக் கணக்கில் எடுத்திருக்கவே தேவையில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 3 மீட்டர் வரை போகும். நான் அவருடைய கைப்பாகத்தைக் கொண்டுவந்தேன், இந்தக் கடலைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

8 ஜனவரி

இன்னொன்று. எல்லோரும் ஒரே நேரம் கரைக்குப் போகாதீர்கள், அல்லது படகு கண்ணில் படும் இடத்தை விட்டு நகராதீர்கள். அன்று நாங்கள் மறுகரைக்கு நடந்து போயிருந்தால்?

12 ஜனவரி

இன்று அமாவாசை. அம்மாவின் நாட்காட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் பெருக்கு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பு, இங்கே பிறந்து வளர்ந்த மாலுமிகளுக்குச் சாதாரணமாக இருக்கலாம்.

ஆக்லாந்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய கோடை நாள்களில் காலை எட்டு, ஒன்பதுக்கு முழுப் பெருக்கு வரும். பிற்பகல் இரண்டு, மூன்றுக்கு முழு வற்று. மாலை மறுபடி ஏறும். அப்படியானால் நாம் காலையில் புறப்படும்போது தாமாக்கி ஆறு வெளியே ஓடுகிறது, நம்மைக் கடலுக்குத் தள்ளிவிடுகிறது. மாலை திரும்பும்போது உள்ளே ஓடுகிறது, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. கடற்காற்றும் வடகிழக்கில் எழும்பினால், காற்றும் நீரும் ஒரே பக்கம் போகும், அந்தக் குட்டை அலை எழாது. குடும்பத்தோடு போவதற்கு இதைவிட நல்ல நாளில்லை.

அரைநிலா நாள்களில் எல்லாம் தலைகீழ். காலை வற்று, மதியத்துக்கு மேல் பெருக்கு. காலையில் ஆற்றை எதிர்த்துப் போக வேண்டும், வற்றில் நங்கூரம் போட வேண்டி வரும். போன சனிக்கிழமை நான் செய்தது அதுதான்.

ஆனால் அமாவாசை நாளுக்கும் ஒரு பொறி உண்டு. காலையில் பெருக்கில் போய் நங்கூரம் போட்டால் தண்ணீர் கீழே போகும். 4 மீட்டரில் கட்டிவிட்டு இரண்டு மணிக்குப் பார்த்தால் ஒன்றரை மீட்டர். எங்கள் படகின் அடித்தகட்டைத் தூக்கிவிடலாம், உங்களுடையது நிலையானது என்றால் அடி தட்டும். அன்றைக்குக் கயிற்றின் கவலை இல்லை, அடியின் கவலை.

14 ஜனவரி

நேற்றுப் போனோம். மேலே சொன்ன எல்லாம் சொன்னபடி நடந்தது. ஒன்பதரைக்குப் புறப்பட்டு வற்றோடு போய், மெல்லிய வடகிழக்குக்கு எதிராகக் குறுக்கும் மறுக்குமாக ஓடி, மோட்டுயிஹே மேற்குக் கரைக்கு வர பதினொன்றரை. திரும்பி வரும்போது அம்மா வெளியே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். படகில் ஒருவர் தூங்குவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

ஆற்றின் வாயில் இருப்பது மியூசிக் முனை. அங்கே பாட்டுக் கேட்கும் என்று மகன் ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தான். அது எட்வின் மியூசிக் என்ற விமானியின் பெயர். 1937-இல் பான் அமெரிக்கன் கடல்விமானத்தில் ஆக்லாந்துக்கு வந்து இறங்கியவர், அடுத்த வருட ஜனவரியில் விபத்தில் இறந்துபோனார்.

மோட்டுயிஹேயில் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை இருக்கிறது. முதலாம் உலகப் போரில் அது கைதி முகாம். பாய்க்கப்பல் ஒன்றைப் போர்க்கப்பலாக்கி ஓட்டிய ஜெர்மன் கடற்படைக்காரர் ஃபெலிக்ஸ் ஃபொன் லுக்னர் அங்கே அடைபட்டிருந்தார். நத்தார் நாடகம் போடுகிறோம் என்று சொல்லிச் சாமான் சேர்த்து, 1917 டிசம்பர் 13 அன்று முகாம் அதிகாரியின் படகிலேயே தப்பினார். அந்தப் படகின் பெயர் பேர்ல், முத்து. பிறகு மோவா என்ற மரக்கலத்தைப் பிடித்துக்கொண்டு கெர்மடெக் தீவுவரை பாய் விரித்து ஓடி, அங்கே பிடிபட்டார். மகன் கேட்ட கேள்வி: "அவர் வற்றிலயா பெருக்கிலயா புறப்பட்டவர்?" எனக்கு ஏழு நாள் வேதனை அங்கேயே தீர்ந்தது.

17 ஜனவரி

கடலில் தமிழ் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நியூசிலாந்தில் தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி ஒன்று இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி 1836 அளவில் ஃபாங்காரெய் பக்கத்தில் மாவோரிப் பெண்களிடம் அதைப் பார்த்தார். உருளைக்கிழங்கு அவிக்கும் சட்டியாக வைத்திருந்தார்கள். இன்றைக்கு வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. முகையிதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது.

18 ஜனவரி

"அப்படியானால் தமிழர்தான் நியூசிலாந்தை முதலில் கண்டார்களா" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். மணி சொல்வது ஒரு சொந்தக்காரரின் பெயரை. கப்பலே வந்தது, ஆட்கள் வந்தார்கள் என்று அது சொல்லவில்லை. மணி கைமாறிக் கைமாறி வேறு கப்பலிலும் வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பெயரே போதும். ஒரு மரக்காயர் தன் கப்பலுக்கு மணி வார்ப்பித்து, தன் மொழியில் பெயர் போட்டிருக்கிறார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938-இல் அமெரிக்காவில் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய் விரித்து ஓடியதும் இந்த மாதிரித்தான், மிகைப்படுத்தாமலே பெரிய விஷயம்.

19 ஜனவரி

மரக்காயர் என்று நான் எழுதியது என் ஊகம். மணியில் அந்தச் சொல் இல்லை.

29 ஜனவரி

இன்று ஆக்லாந்து மாகாண ஆண்டு நாள் விடுமுறை, அதற்கான பாய்ப்படகுப் போட்டி. 1840-இல் தொடங்கியது. துறைமுகம் முழுக்கப் பாய். குடும்பத்தோடு ஓடும் நாள் இல்லை இது, கரையிலிருந்து பார்த்தோம். அம்மா எண்ணத் தொடங்கி எழுபதில் விட்டுவிட்டார்.

11 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் நேற்றுப் போய் வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். ஒரு தீவு, ஒரு நங்கூரம், மாமி முழங்கால் தண்ணீரில் நின்று பேரனுக்குச் சிப்பி பொறுக்கினார் என்பது. அதைப் படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

நங்கூரத்தில் பச்சைக் களை சுற்றி வந்தது என்றீர்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள். கௌலெர்பா என்ற வெளிநாட்டுக் கடற்களை 2021-இல் கிரேட் பேரியர் தீவிலும் 2023-இல் வைஹெக்கேயிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு துண்டு போதும், போய் விழுந்த இடத்தில் வேர்விட்டுப் பாய் விரித்தமாதிரி அடியை மூடிவிடும். 2024-இல் அந்த இடங்கள் சிலவற்றில் நங்கூரம் போடவே தடை இருந்தது. நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் ஏற்றிய இடத்திலேயே களையில்லாமல் சுத்தம் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். அது என்ன களை என்று சந்தேகம் வந்தால் படம் எடுத்து நியூசிலாந்தின் உயிரியல் பாதுகாப்புத் துறைக்கு (பயோசெக்யூரிட்டி) அனுப்புங்கள்.

25 பிப்ரவரி

நேற்று மாசி மகம். அம்மாவுக்குக் கடலில் முழுக வேண்டும் என்று ஆசை. கார் போட்டு ஏதாவது கடற்கரைக்குப் போயிருக்கலாம். "மோட்டுயிஹேக்குப் போவம்" என்று அவரே சொன்னார், பெயரை முழுசாகச் சரியாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் காலைப் பெருக்கோடு புறப்பட்டோம். நங்கூரம் போடும் முன் மகள் ஆழம் பார்த்தாள், நாலரை. அட்டவணையைப் பார்த்தாள். "கீழ போகப் போகுது, இன்னும் வெளிய போவம் அப்பா" என்றாள். போனோம். அவளே அணியத்தில் நின்று நூல் கட்டிய இடம் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக் கயிறு விட்டாள். ஒரு பாகம், இரண்டு பாகம் என்று பதினெட்டுவரை. பிறகு கயிறு இறுகும்வரை கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அம்மா மூன்று தரம் முழுகினார். தண்ணீர் 21 பாகை. "கீரிமலையவிடக் குளிர்" என்று சொல்லிக்கொண்டு நாலாவது தரமும் முழுகினார்.